கடைசியாக வருபவரின் விரல்கள்

குளிர்கால இரவொன்றில் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குச் சேர்ந்து சைக்கிள் ஓட்டவிருக்கும் குழுவினருக்கான மடல் இது.

தெற்கு லண்டனின் கிளாப்பம் புல்வெளியிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை சைக்கிள் பாதை ஏறத்தாழ 87 கிலோமீட்டர். கோடைப் பகலில் ஆயிரக்கணக்கானோர் அறநிதி திரட்டுவதற்காக ஓட்டிப் பழகிய வழி அது. அதே வழியைக் குளிர்காலத்தில் நள்ளிரவுக்குப் பின் ஓட்டும்போது தூரமும் மேடும் மாறுவதில்லை. நிற்பதன் விலைதான் மாறுகிறது. கோடையில் பத்து நிமிடம் நின்றால் அது ஓய்வு. உறைநிலையை ஒட்டிய இரவில் அதே பத்து நிமிடம், வியர்வையில் நனைந்த உடலிலிருந்து வெப்பத்தை உருவிக்கொள்கிறது. குழுவாகச் செல்லும்போது ஒருவருடைய பஞ்சருக்கு இருபது பேர் நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே குளிர்கால இரவுப் பயணத்தில் தயாரிப்பு என்பது அவரவர் வசதிக்கான காரியமாக நின்றுவிடுவதில்லை. அது உடன் வருபவர்களுக்குச் செலுத்த வேண்டிய கடன். இம்மடல் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். மற்றவை அதன் விளக்கம்.

இந்த வழியில் குளிர்காலச் சைக்கிள் பயணம் புதிதல்ல. 1869 பிப்ரவரியில் ஜான் மேயல், ரோலி டர்னர், சார்லஸ் ஸ்பென்சர் ஆகிய மூவர் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் ஓட்டியது முன்சக்கரத்திலேயே பெடல் பொருத்திய, மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டை அடித்த வண்டி. காற்றடைத்த டயருக்கு டன்லப் காப்புரிமை பெற்ற 1888 வர இன்னும் 19 ஆண்டுகள் இருந்தன. இங்கிலாந்தின் சைக்கிள் வரலாற்றில் நெடுந்தூரப் பயணம் என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்தப் பிப்ரவரி நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. இரவுப் பயணமோ பின்னால் வளர்ந்த வழக்கம். கிழக்கு லண்டனிலிருந்து சஃபோக் கடற்கரையின் டன்விச் வரை சுமார் 180 கிலோமீட்டர் செல்லும் ‘டன்விச் டைனமோ’ 1990களில் தொடங்கியது. அது ஜூலையில், முழுநிலவை ஒட்டிய சனிக்கிழமை இரவில் நடக்கிறது. ஜூலையில் இரவு குறுகியது. காலை நான்கு மணிக்கே கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். குளிர்காலப் பயணத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே முதலில் தீர்மானிக்க வேண்டியது நேரம். நின்று செல்லும் இடைவேளைகளையும் சேர்த்தால், நிதானமான குழுவுக்கு இந்த வழி ஆறு முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும். டிசம்பர் இறுதியில் நள்ளிரவில் புறப்பட்டால் காலை ஆறரைக்குப் பிரைட்டன் வந்துவிடலாம்; ஆனால் சூரியன் உதிப்பது எட்டு மணிக்கு. நனைந்த உடையோடு ஒன்றரை மணி நேரம் இருட்டில் காத்திருப்பது பயணத்தின் எல்லாக் கட்டங்களையும்விடக் கடினமானது. பிப்ரவரி நடுவில் சூரியன் ஏழு மணிக்குச் சற்றுப் பின் எழுகிறது. மார்ச் நடுவில் ஆறு மணிக்குச் சற்றுப் பின். பிப்ரவரிப் பயணத்துக்கு நள்ளிரவு கடந்து அரைமணி கழித்துப் புறப்படுவது பொருத்தம். கடற்கரையில் அதிகாலையில் திறந்திருக்கும் உணவகம் எது, அத்தனை பேருக்கும் அங்கே இடம் இருக்குமா என்பவற்றை முன்கூட்டியே பேசி உறுதிசெய்வது வழித்தடத்தை வரைவதற்கு இணையான வேலை.

உடல் வெப்பத்தின் கணக்கு எளியது. மனித உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. பெடலில் 80 வாட் செலுத்தி ஓட்டுபவரின் உடல் ஏறக்குறைய 300 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அவர் வண்டியை நிறுத்தியதும் சில நிமிடங்களில் அது 100 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடுப்பு தணிந்துவிட்டது, ஆனால் சட்டையில் ஊறிய வியர்வை ஆவியாவது நிற்கவில்லை. ஓடும்போதோ காற்று சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரத்தின்படி, 2 டிகிரி செல்சியஸில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் முகத்துக்கு அது மைனஸ் 3 டிகிரி போல உறைக்கும். இறக்கத்தில் வேகம் 40 ஆனால் மைனஸ் 5. மேட்டில் ஏறும்போது வேர்ப்பதும், இறங்கும்போது பெடல் மிதிக்காமல் காற்றில் விறைப்பதும் மாறி மாறி வருவதால், ஒரே உடையில் இரண்டையும் சமாளிக்க முடியாது.

அதனால் உடை அடுக்கடுக்காக இருக்க வேண்டும். தோலோடு ஒட்டிய அடுக்கு மெல்லிய கம்பளியாகவோ வியர்வையை வெளியே கடத்தும் செயற்கை இழையாகவோ இருக்கலாம், பருத்தி கூடாது. பருத்தி ஈரத்தைக் குடித்து விடாமல் வைத்துக்கொள்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நன்மையான அதே குணம் இங்கே தீமை. நடு அடுக்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. வெளி அடுக்கு காற்றைத் தடுப்பது. புறப்படும் இடத்தில் சற்றே குளிர்வதுபோல இருந்தால்தான் உடை சரியான அளவு. அங்கேயே கதகதப்பாக இருப்பவர் முதல் மேட்டிலேயே நனைந்துவிடுவார். கூடுதலாக ஒரு தடித்த மேலாடை பையில் இருக்க வேண்டும். அது ஓட்டும்போது போடுவதற்கு அல்ல, நிற்கும்போது போடுவதற்கு. வண்டி நின்ற உடனே, குளிர் தெரியத் தொடங்கும் முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கையும் காலும் தனிக் கவனம் கேட்பவை. உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க, குளிரில் உடல் கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் முதலில் மரத்துப்போவது விரல்கள். பிரேக் பிடிப்பதும் கியர் மாற்றுவதும் டயர் கழற்றுவதும் அதே விரல்கள்தான். காற்றுப் புகாத கையுறை ஒரு ஜோடி கையில், உலர்ந்த ஜோடி இன்னொன்று பையில் இருக்கட்டும். காலுறையை இரண்டாகப் போட்டு ஷூவுக்குள் இறுக்கித் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து குளிர் கூடும். தளர்வான ஷூ, ஒரு கம்பளிக் காலுறை, மேலே காற்றுத் தடுக்கும் உறை என்பதே சரி.

பாதை லண்டன் நகருக்குள் டூட்டிங், மிட்சம், கார்ஷால்டன் வழியாகத் தெற்கே செல்கிறது. தமிழ்க் கடைகளும் உணவகங்களும் நிறைந்த டூட்டிங் சாலையைத் தாண்டும்வரை கட்டடங்களும் தெருவிளக்குகளும் காற்றையும் இருட்டையும் தடுக்கின்றன. பிறகு நார்த் டவுன்ஸ் என்னும் சுண்ணாம்புக் குன்றுத்தொடர் வருகிறது. அதைக் கடந்து, லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையையும் தாண்டினால் நகரம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சவுத் டவுன்ஸ் வரை இடைப்பட்ட நிலம் வீல்ட். களிமண்ணும் மணற்கல்லும் காடும் ஓடைகளும் கலந்த, ஏறி இறங்கும் நாடு. டர்னர்ஸ் ஹில், ஆர்டிங்லி, லிண்ட்ஃபீல்டு, ஹேவர்ட்ஸ் ஹீத் ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது.

இந்த வீல்ட் பகுதியில்தான் குளிர் உச்சத்துக்குப் போகிறது. மேகமற்ற, காற்றில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துச் சரிந்து பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டில் 3 டிகிரி இருக்கும்போது ஓடைக்கரையில் உறைநிலைக்குக் கீழே போயிருக்கலாம். தார்ப்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கீழேயும் காற்றுப் படும் பாலங்கள் சாலையைவிட விரைவில் உறையும். ஈரச் சாலையில் கண்ணாடித் தாள் போலப் படியும் மெல்லிய பனியை விளக்கொளியில் ஈரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். உள்ளூராட்சிகள் உப்புத் தூவுவது பெரும்பாலும் முக்கியச் சாலைகளில்தான். கிராமத்துச் சந்துகளில் அல்ல. உப்புநீர் தூய நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில் உறைவதால், தூவிய சாலை ஈரமாகவே இருக்கும், தூவாத சாலை கட்டியாகிவிடும். பனியின் மேல் சக்கரம் ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல், பெடலைத் தளர்த்தி நேராக விட்டுவிடுவதே வழி.

ஆகவே போவதா வேண்டாமா என்ற முடிவைப் புறப்படும் நாள் நண்பகலில், வானிலை அறிக்கையைப் பார்த்து எடுக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பின் வானம் வெளுத்து, இரவு வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும் என்று அறிக்கை சொன்னால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. நள்ளிரவில், எல்லோரும் உடுத்தி வந்து கூடிவிட்ட பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நண்பகலில் அதைச் சொல்வது எளிது.

விளக்கு சட்டத்தின் கட்டாயமும்கூட. பிரிட்டனின் 1989ஆம் ஆண்டு வாகன விளக்கு விதிகளின்படி, இருட்டிய பின் சைக்கிளுக்கு முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் வேண்டும். 1985 அக்டோபருக்குப் பின் செய்த வண்டியானால் பெடல்களில் மஞ்சள் பிரதிபலிப்பான்களும் வேண்டும். சட்டம் கேட்காததைக் குளிர் கேட்கிறது. மின்கலம் குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழக்கிறது. வீட்டில் ஆறு மணி நேரம் எரிந்த விளக்கு சாலையில் நான்கு மணியில் அணையலாம். சக்கரத்தின் அச்சில் பொருத்திய டைனமோவுக்கு இந்தக் குறை இல்லை. மின்கல விளக்கு வைத்திருப்பவர் இன்னொன்றையும் கொண்டுவர வேண்டும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்திருக்க வேண்டும். குழுவுக்குள் பின்விளக்கைச் சிமிட்டவிடாமல், மங்கலாக நிலையாக எரியவிடுவது பின்னால் வருபவரின் கண்ணுக்கு நல்லது. கடைசி வண்டியின் விளக்கு மட்டும் நன்கு வெளிச்சமாக இருக்கட்டும்.

வண்டியைத் தயார்செய்வதில் பஞ்சரைத் தவிர்ப்பதே முதன்மை. குளிர்கால மழை கண்ணாடிச் சில்லுகளையும் கூர்ங்கற்களையும் சாலையோரத்துக்கு அடித்து வருகிறது. ஈர ரப்பரை அவை எளிதில் கிழிக்கின்றன. தேய்ந்த டயரைப் பயணத்துக்கு முந்திய வாரமே மாற்றிவிட வேண்டும். 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள, உள்ளே தடுப்புப் பட்டை வைத்த டயர், காற்றழுத்தம் சற்றுக் குறைவாக அடித்தால், ஈரச் சாலையில் பிடிமானமும் தரும். வழியில் பஞ்சரானால் ஒட்டுப்போட உட்காரக் கூடாது. குளிரில் பசை காய நேரமாகும். ஆளுக்கு இரண்டு ட்யூப் கொண்டுவந்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, ஓட்டையை வீட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம். புது ட்யூபைச் செருகும் முன் டயரின் உட்புறத்தைத் தடவி முள்ளோ சில்லோ இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், அடுத்த கிலோமீட்டரில் அதே குழு மறுபடி நிற்கும். மட்கார்டு இல்லாத வண்டி தன்மேல் மட்டுமல்ல, பின்னால் வருபவரின் முகத்திலும் உறைநீரை வாரி இறைக்கும். குளிர்காலக் குழுவில் அது இருந்தே ஆக வேண்டிய பொருள்.

அடுத்தது குழுவின் ஒழுங்கு. வழி தெரிந்த ஒருவர் முன்னே செல்வார். வண்டி பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்டிக்கு அடுத்தபடி வருபவர் நின்று, கடைசி ஆள் வரும்வரை மற்றவர்களுக்குத் திசை காட்டுவார். பகலிலும் கோடையிலும் இந்த முறைக்குக் குறையே இல்லை. குளிர் இரவில் அதற்கு ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குழு ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு இழுபட்டால், திருப்பத்தில் நிற்பவர் ஆறு நிமிடம் அசையாமல் நிற்கிறார். மூன்று கிலோமீட்டரானால் பன்னிரண்டு நிமிடம். முன்னே செல்பவர்களின் வேகம் அங்கே நிற்பவரின் குளிராக மாறுகிறது. எனவே முன்னே செல்பவர் பின்விளக்குகளின் வரிசையை அடிக்கடி திரும்பிப் பார்த்து, அது நீண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒருமுறை திருப்பத்தில் நின்றவரை மறுமுறை நிறுத்தக் கூடாது. மேட்டின் உச்சியில் காத்திருக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அங்கேதான் காற்று அதிகம், எல்லோரும் வேர்த்திருப்பதும் அங்கேதான். உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கி, மரமோ சுவரோ காற்றை மறைக்கும் இடத்தில் நிற்கலாம். இரண்டிரண்டு பேராக ஓட்டுவதை 2022இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதிநூல் அனுமதிக்கிறது. பின்னால் வண்டி வந்தால் ஒற்றை வரிசையாகி வழிவிடுவது பண்பு.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுவது போல விரல்களையும் சோதிக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, அதே கையின் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது மலையேறுபவர்களிடையே பழகிவந்த எளிய சோதனை. தொட முடியாதவரால் பிரேக்கையும் நம்பிப் பிடிக்க முடியாது. அவருக்கு உலர்ந்த கையுறையும் சூடான பானமும் கொடுத்து, விரல் வழங்கும்வரை குழு அவரோடு இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கடைசியாக வந்து சேர்ந்தவராக இருப்பார். முன்னால் வந்தவர்கள் நன்றாக இளைப்பாறி முடித்திருக்க, அவர் வந்ததும் ‘புறப்படலாம்’ என்பது குழுப் பயணங்களில் தெரியாமலே நடக்கும் கொடுமை. நிறுத்த நேரத்தைக் கடைசி ஆள் வந்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும்.

உணவு உடல் என்னும் அடுப்பின் விறகு. நிதானமாக ஓட்டினாலும் மணிக்கு 300 முதல் 450 கிலோகலோரி செலவாகும். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து மட்டும் இரவு முழுவதற்கும் போதாது. பசிக்குமுன்பே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஜாம் தடவிய ரொட்டி எல்லாம் ஏற்றவை. கடலைமிட்டாயும் சாக்லேட்டும் குளிரில் கல்லாகிவிடும். அவற்றை உள்பையில் வைத்திருக்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் கூடுதலாகப் போகும். அதனால் தாகமில்லாமலே தண்ணீர் குடிக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் சூடாக எடுத்துவரும் இனிப்புத் தேநீர் அதன் எடைக்குத் தகுந்தது. மது கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடேறியதுபோல உணரவைத்துக்கொண்டே உள்வெப்பத்தை வெளியே விடுகிறது.

அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கு உடலின் உள்வெப்பம் அன்றாடச் சுழற்சியில் தாழ்நிலையைத் தொடுகிறது. தூக்கமும் அப்போதே அழுத்துகிறது. வெளிவெப்பமும் விடியலை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. நள்ளிரவு கடந்து புறப்பட்ட குழு அந்நேரம் ஹேவர்ட்ஸ் ஹீத் பக்கத்தில் இருக்கும். நீண்ட நிறுத்தத்தை அங்கே, டிச்லிங் மேட்டுக்கு முன், கூரையுள்ள இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டிச்லிங் பீக்கன் 248 மீட்டர் உயரம்; கிழக்கு சசெக்ஸின் மிக உயர்ந்த இடம். டிச்லிங் ஊர்ப்பக்கத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டரில் ஏறக்குறைய 140 மீட்டர் ஏற வேண்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் இழுக்கு ஒன்றுமில்லை. வேர்வை குறையும், காலும் சூடாகும். உச்சியிலிருந்து பிரைட்டன் வரை பெரும்பாலும் இறக்கம். அதில் இறங்கும் முன் மேலாடையைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது உயிருக்கு ஆபத்தான நிலை. அடக்க முடியாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை, காரணமில்லாத பிடிவாதம் ஆகியவை அதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. ‘ஒன்றுமில்லை, போகலாம்’ என்பார். அதனால் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும். அறிகுறி கண்டால் காற்றிலிருந்து மறைத்து, ஈர உடையை மாற்றி, தலையை மூடி, மெல்லிய உலோகப் போர்வை சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் கொடுக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. நினைவு மங்கினாலோ நடுக்கம் நின்றாலோ 999க்கு அழைக்க வேண்டும். உலோகப் போர்வை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். அதன் எடை ஒரு வாழைப்பழத்தைவிடக் குறைவு.

பயணத்தை இடையில் விட்டுவிடும் வழிகளும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். லண்டன்–பிரைட்டன் ரயில்பாதை 1841 முதல் இந்தச் சாலைக்குத் துணையாகவே ஓடுகிறது. ரெட்ஹில், ஹேவர்ட்ஸ் ஹீத் நிலையங்கள் வழியை ஒட்டி அமைந்தவை. இரவெல்லாம் விளக்கெரியும் கேட்விக் விமான நிலையம் பாதைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. முதல் ரயிலின் நேரம், சைக்கிள் ஏற்ற அனுமதி ஆகிய விவரங்களைத் தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுக்கலாம். குளிரில் கைப்பேசியும் அணைந்துபோகக்கூடும். விலகுபவரைத் தனியே அனுப்பாமல், ரயில் ஏறும்வரை ஒருவர் உடனிருக்க வேண்டும். கடைசி ஆளிடம் உள்ள பெயர்ப் பட்டியலில் விலகியவரின் பெயருக்கு எதிரே அதைக் குறிக்க வேண்டும்.

பிரைட்டனில் கடல் நீர் பிப்ரவரியில் சுமார் 8 டிகிரி இருக்கும். இரவில் உறைந்த உள்நாட்டு நிலத்தைவிடக் கடல் சூடாக இருப்பதால் கரையில் பனி பிடிப்பது அரிது. ஆனால் அங்கே காற்று உண்டு. வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கடலைப் பார்க்கக் கூழாங்கல் கரையில் இறங்குவதற்கு முன், ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுவது. அடுத்தது, கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் கலையாமல் இருப்பது. தூங்காத கண்ணோடு யாரும் காரோட்டித் திரும்பக் கூடாது, ரயிலே சரி. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் வந்து சேர்ந்ததாகவோ ரயில் ஏறியதாகவோ குறி விழுந்த பிறகே இந்தப் பயணம் முடிகிறது.